80 வயது மடத்தலைவிக்கு வந்த உத்தரவு: "இனிப் பாடக்கூடாது" (புனித ஹில்டெகார்ட் பற்றி ஓர் இழை)

வைகறை ஜோ (இழையைத் தொடங்கியவர்)

1178ஆம் ஆண்டு. ஜெர்மனியில் நாகே ஆறு ரைனில் கலக்கும் முனை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிங்கன் ஊர், இந்தப் பக்கம் ரூபர்ட்ஸ்பெர்க் என்ற மேடு, அதன்மேல் ஒரு பெண் துறவியர் மடம். அந்த மடத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிரபுவை அடக்கம் செய்திருந்தார்கள். அவர் ஒரு காலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். புனித மண்ணில் அவருக்கு இடமில்லை, தோண்டி வெளியே எடுங்கள் என்று மைன்ஸ் பேராலய நிர்வாகம் உத்தரவிட்டது. மடத்தலைவி ஹில்டெகார்ட் முடியாது என்றுவிட்டார். அந்த மனிதர் சாவதற்கு முன்பே பாவமன்னிப்புப் பெற்று, நற்கருணை வாங்கி, திருச்சபையோடு சமாதானமாகிவிட்டார் என்பது அவர் வாதம். யாரும் வந்து தோண்டிவிடாதபடி அந்தக் கல்லறை இருந்த அடையாளத்தையே அழித்தார் என்றும் சொல்வார்கள்.

மைன்ஸிலிருந்து தண்டனை வந்தது. மடத்தில் திருப்பலி கிடையாது, நற்கருணை கிடையாது. வேளைச் செபங்களைப் பாடக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் வாசிக்கலாம், அவ்வளவுதான்.

ஹில்டெகார்ட் அடிபணிந்தார். பாட்டை நிறுத்தினார். ஆனால் மைன்ஸ் குருக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆதாம் பாவம் செய்வதற்கு முன் அவன் குரல் வானதூதர்களின் குரலோடு இணைந்திருந்தது. விழுந்தபோது அந்தக் குரலை இழந்தான். மனிதன் பாடும்போது அந்தப் பழைய நிலை அவன் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் சாத்தானுக்குப் பாட்டைக் கேட்டால் பொறுக்கவில்லை. இதுதான் கடிதத்தின் அடிப்படை. 150ஆம் திருப்பாடலை எடுத்துவைத்து எக்காளம், யாழ், தாளம் என்று ஒவ்வொன்றாகப் பேசுகிறார். கடைசியில், தகுந்த காரணமில்லாமல் ஆலயத்தின் பாடலை நிறுத்துகிறவர்களுக்கு விண்ணகத்தின் பாடலிலும் இடமிருக்காது என்று எச்சரித்து முடிக்கிறார்.

இவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அவர் கண்டதாகச் சொன்ன தெய்வீகக் காட்சிகளில் ஆரம்பிக்கிறார்கள். எனக்கென்னவோ இந்தக் கடிதத்திலிருந்து பின்னோக்கிப் போனால்தான் ஆள் பிடிபடுவார் என்று தோன்றுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சுருதிப்பெட்டி

நல்ல இடத்துல பிடிச்சிருக்கீங்க ஜோ. அந்தக் கடிதத்தோட அவர் எழுதின நாடகத்தையும் சேர்த்துப் படிக்கணும். ‘ஓர்தோ விர்த்தூத்தும்’, நற்பண்புகளின் நாடகம். சுமார் 1151. ஒரு ஆன்மா, பதினாறு பதினேழு நற்பண்புகள், ஒரு சாத்தான். பணிவு, கற்பு, பொறுமை எல்லாரும் பாடுறாங்க. ஆன்மா பாடுது. 80க்கு மேல மெட்டு இருக்கு. சாத்தானுக்கு மட்டும் ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. அவன் கத்துறான், அவ்வளவுதான்.

அதாவது சாத்தானால பாட முடியாதுங்கிறது 1178ல கோபத்துல எழுதின வார்த்தை இல்ல. 27 வருஷம் முன்னாடியே மேடையில போட்டுக் காட்டிட்டாங்க. மைன்ஸ் குருக்கள் அந்த நாடகத்தைக் கேட்டிருந்தா கடிதத்தைப் படிக்கும்போது கொஞ்சம் வேர்த்திருக்கும்.

கொள்ளிடத்தான்

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த அம்மா பாத்த ‘காட்சி’ எல்லாம் ஒற்றைத் தலைவலிங்க. சார்லஸ் சிங்கர்னு ஒரு மருத்துவ வரலாற்று ஆய்வாளர் 1917லயே எழுதிட்டார். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் தன்னோட ஒற்றைத் தலைவலிப் புத்தகத்துல அதை எடுத்துப் பேசியிருக்கார். கோட்டைச் சுவர் மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு போற வெளிச்சம், விழுற நட்சத்திரம், சுத்திச் சுத்தி வட்டம். அந்த ஓவியங்களைப் பாருங்க, புரியும்.

லூர்து டீச்சர்

கொள்ளிடத்தான் தம்பி, அந்த வாதம் எனக்கும் தெரியும். அதை மறுக்கவும் வரவில்லை. முதலில் இளையவர்களுக்காக வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹில்டெகார்ட் பிறந்தது 1098. பிரபுக் குடும்பம். பத்தாவது குழந்தை, பத்தில் ஒரு பங்கு கடவுளுக்கு என்ற முறையில் காணிக்கையாகக் கொடுத்தார்கள் என்பது மரபு. யூட்டா என்ற இளம்பெண்ணின் பொறுப்பில் விட்டார்கள். யூட்டா இவரைவிட ஆறு வயதுதான் மூத்தவர். 1112ஆம் ஆண்டு சகல புனிதர் திருநாளன்று, நவம்பர் 1, இருவரும் டிசிபோடன்பெர்க் என்ற ஆசீர்வாதப்பர் சபை ஆண்கள் மடத்தை ஒட்டிய அறைக்குள் அடைபட்டார்கள். எட்டு வயதிலேயே சுவருக்குள் வைத்து மூடினார்கள் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். யூட்டாவின் வாழ்க்கை வரலாறு கிடைத்த பிறகு 14 வயது என்ற கணக்கே பொருந்துகிறது. அங்கே அவர் கற்றது திருப்பாடல்களை வாசிக்கவும் பாடவும்தான். ஒரு நாளில் ஏழெட்டு வேளை, ஆண்டு முழுவதும், வாழ்நாள் முழுவதும். முறையான இலக்கணப் படிப்பு இல்லை.

1136இல் யூட்டா இறந்தார், இவர் தலைவியானார். 1141இல், தமக்கு 42 வயதும் ஏழு மாதமும் ஆனபோது, பார்ப்பதை எழுது என்ற கட்டளை வந்ததாக எழுதுகிறார். உடனே எழுதவில்லை. தயங்கினார், நோயில் விழுந்தார், பிறகு எழுதினார். வோல்மார் என்ற துறவி அருகிலிருந்து இலத்தீன் இலக்கணத்தைத் திருத்திக் கொடுத்தார். முதல் நூல் ‘ஸ்கிவியாஸ்’ முடியப் பத்து ஆண்டுகள். அதில் 26 காட்சிகள்.

இப்போது தலைவலிக்கு வருகிறேன். 1175இல் கிபெர் என்ற துறவி கடிதம் எழுதி, காட்சி எப்படி வருகிறது, தூக்கத்திலா, கனவிலா என்று கேட்டார். இவர் பதில் தெளிவு. கண் திறந்திருக்கிறது, விழித்திருக்கிறேன், மயக்கம் கிடையாது. சிறு வயது முதல் ஒரு ஒளியை எப்போதும் பார்க்கிறேன். அதற்குள் எப்போதாவது வேறொரு ஒளி தெரிகிறது. அதைப் பார்க்கும்போது துயரமெல்லாம் போய் எளிய சிறுமி போலாகிவிடுகிறேன் என்கிறார். இதில் ஒற்றைத் தலைவலியின் பங்கும் இருந்திருக்கலாம், தம்பி. அவர் நோயாளி என்பதை மறைக்கவே இல்லையே. ஆனால் தலைவலிக்காரர்கள் உலகில் கோடிப்பேர் இருக்கிறார்கள். ‘ஸ்கிவியாஸ்’ ஒன்றுதான் இருக்கிறது.

கொள்ளிடத்தான்

> ‘ஸ்கிவியாஸ்’ ஒன்றுதான் இருக்கிறது

டீச்சர், இந்த அடிக்கு நான் என்ன சொல்ல 😀

சரி, தலைவலியை விடுவோம். அரசியலுக்கு வரேன். இவங்க அசாத்திய சாமர்த்தியசாலி. ‘நான் படிக்காத எளிய பெண்’னு ஒவ்வொரு கடிதத்துலயும் ஆரம்பிப்பாங்க. அடுத்த வரியிலேயே பேரரசரைத் திட்டுவாங்க. பேரரசர் பார்பரோசாவுக்கே, போட்டித் திருத்தந்தைகளை வெச்சு ஆடினதுக்காக, கடுமையா எழுதினவங்க.

ரூபர்ட்ஸ்பெர்க்குக்கு மடத்தை மாத்தின கதையைப் பாருங்க. டிசிபோடன்பெர்க் மடாதிபதி குனோ விடமாட்டேங்கிறார். ஏன் விடுவார்? இவங்க பேரைச் சொல்லித்தான் கூட்டம் வருது, காணிக்கை வருது. இவங்களோட சேர்ந்த பெண்கள் கொண்டுவந்த சொத்து வேற இருக்கு. உடனே இந்த அம்மாவுக்கு உடம்பு அசையாமப் போயிடுது. குனோ நேர்ல வந்து தூக்கிப் பாக்கிறார், பாறை மாதிரி அசையல. பயந்துபோய் ‘சரி போங்க’ன்னுட்டார். கிளம்ப அனுமதி கிடைச்சதும் எழுந்துட்டாங்க. இதுக்கு என்ன பேரு?

லூர்து டீச்சர்

பேர் எதுவானாலும், 1150 வாக்கில் சுமார் 20 பெண்களோடு காட்டுமேட்டுக்குப் போய்ச் சொந்தமாக மடம் கட்டினார். சொத்துத் தகராறு அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1158இல் மைன்ஸ் பேராயர் அர்னோல்டு எழுதிக் கொடுத்த சாசனங்களில்தான் தீர்ந்தது. படுத்துக்கொண்டே காரியம் சாதித்தார் என்று நீங்கள் சிரிக்கலாம். அன்றைய ஒரு பெண்ணுக்கு வேறு எந்த ஆயுதம் கையில் இருந்தது, சொல்லுங்கள்.

வைகறை ஜோ

அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு முக்கியமான கட்டம் விட்டுப்போயிற்று. 1147-48இல் திருத்தந்தை மூன்றாம் யூஜின் திரியர் நகரில் பேரவை கூட்டியிருந்தார். ‘ஸ்கிவியாஸ்’ அப்போது முடியவில்லை. முடிந்த பகுதிகள் அங்கே போயின, திருத்தந்தையே ஆயர்கள் முன்னிலையில் அதிலிருந்து வாசித்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கிளேர்வோ மடாதிபதி புனித பெர்னார்து பரிந்து பேசினாராம். அதற்கு முன்பே ஹில்டெகார்ட் பெர்னார்துக்குக் கடிதம் எழுதி வழி கேட்டிருந்தார். அவர் பதில் சின்னது, கொஞ்சம் ஒதுங்கினாற்போல்தான் இருக்கும்.

ஒரு பெண்ணின் இறையியல் நூலுக்கு, அதுவும் பாதியில் நிற்கும் நூலுக்கு, திருத்தந்தையின் ஒப்புதல். அதற்குப் பிறகு குனோ என்ன, யார் என்ன!

பச்சைமிளகாய்

குறுக்கிடுறேன், மன்னிக்கணும். யூடியூப்ல ‘ஹில்டெகார்ட் மருத்துவம்’னு ஏகப்பட்ட வீடியோ. ஸ்பெல்ட் கோதுமை, மூலிகை ஒயின், கல் வெச்சு வைத்தியம்னு. அது இவங்கதானா? நம்பலாமா?

லூர்து டீச்சர்

இவரேதான். ஆனால் இடையில் 800 ஆண்டுகள் இருக்கின்றன. ‘ஹில்டெகார்ட் மருத்துவம்’ என்று ஒரு முறையாக விற்கத் தொடங்கியது 1970களில், கோட்ஃப்ரீட் ஹெர்ட்ஸ்கா என்ற ஆஸ்திரிய மருத்துவர். ஹில்டெகார்ட் எழுதிய ‘ஃபிசிக்கா’வில் செடி, மரம், மீன், பறவை, கல், உலோகம் எல்லாவற்றின் குணமும் உண்டு. ஸ்பெல்ட் கோதுமையைப் புகழ்கிறார். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பானங்களைக் கெடாமல் வைக்கும், ஆனால் மனச்சோர்வைக் கூட்டும் என்கிறார். பாதி சரி! ‘காரணங்களும் தீர்வுகளும்’ என்ற பொருளில் பெயர் கொண்ட இன்னொரு நூலும் உண்டு, அது கோபன்ஹேகனில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில் வந்திருக்கிறது. மருத்துவ நூல்களை அவர் காட்சியில் கண்டதாகச் சொல்லவில்லை, அவர் நூல்களின் பெருந்தொகுப்பிலும் அவை சேர்க்கப்படவில்லை. அந்தக் காலத்து மருத்துவ அறிவாக ஆவலோடு படியுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உங்கள் டாக்டரிடமே போங்கள்.

சுருதிப்பெட்டி

மருந்து போதும், பாட்டுக்கு வாங்க.

அவர் பேர்ல நம்மகிட்ட இருக்கிறது சுமார் 70 சொச்சம் பாடல்கள், தனியா அந்த நாடகம். தொகுப்புக்குப் பேரு ‘சிம்ஃபோனியா’. 12ஆம் நூற்றாண்டுல ஒரே ஆள் பேர்ல இவ்வளவு மெட்டுகள் மிஞ்சியிருக்கிறது ரொம்ப அபூர்வம். சபைப் பாட்டுக்கெல்லாம் அப்ப பேரே போடமாட்டாங்க.

கேட்டவங்களுக்குத் தெரியும், வழக்கமான கிரெகோரியன் பாட்டு ஒரு எட்டு ஸ்வரத்துக்குள்ள அடங்கி நடக்கும். இவங்க மெட்டு ஆரம்பத்துலயே ‘ச’விலிருந்து ‘ப’வுக்கு ஒரே தாவு, அப்புறம் மேல் ‘ச’. வானதூதர்களைப் பத்தின ஒரு பாட்டு ரெண்டு ஸ்தாயிக்கும் மேல போகுது. ஒரே எழுத்தை வெச்சுக்கிட்டு ஏகப்பட்ட ஸ்வரம். பாடிப் பாருங்க, மூச்சு வாங்கும். அந்தப் பெண்கள் தினமும் மணிக்கணக்கா பாடிப் பழகின குரல்கள், அதுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு.

இன்னொண்ணு. இப்ப கிடைக்கிற பல ஒலிப்பதிவுல பின்னால ஒரு சுருதி ஓடிக்கிட்டே இருக்கும். நமக்குக் கேட்டதும் ‘அட, நம்ம தம்புரா’ன்னு தோணும். அது கையெழுத்துப் பிரதியில கிடையாது. இந்தக் காலத்துப் பாடகர்கள் சேர்த்தது. 1980கள்ல வந்த ஒரு லண்டன் குழுவோட இசைத்தட்டு பெரிய அளவுல போச்சு, அதுக்கப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு. ஏட்டுல இருக்கிறது சொல்லும் ஸ்வரமும் மட்டும். எந்த ஸ்வரம் எவ்வளவு நீளம், தாளம் என்ன, எதுவும் இல்ல. அதனால ‘ஹில்டெகார்ட் இப்படித்தான் ஒலிச்சிருப்பார்’னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கொள்ளிடத்தான்

கேக்கணும்னு இருந்தேன். எழுதறதுக்கு வோல்மார் இருந்தார். மெட்டுப் போட்டது இவங்கதான்னு என்ன ஆதாரம்? மடத்துல யாரோ போட்டு, தலைவி பேர்ல எழுதி வெச்சிருக்கலாமே?

சுருதிப்பெட்டி

கேக்க வேண்டிய கேள்விதான். 1148 வாக்குல பாரிஸ்ல ஆசிரியரா இருந்த ஓடோங்கிறவர் இவங்களுக்கு ஒரு கடிதம் எழுதறார். நீங்க புதுவிதப் பாடல்கள் இயற்றுறீங்கன்னு கேள்விப்பட்டேன்னு அதுல வருது. டிசிபோடன்பெர்க்ல சுவருக்குள்ள இருந்தவங்க பேரு பாரிஸ் வரைக்கும் பாட்டுக்காரியாப் போயிருக்கு, அவங்க 50 வயசுலயே. அப்புறம் அவங்களே சொல்றாங்க, ஸ்வரக்குறியோ பாட்டோ யார்கிட்டயும் கத்துக்கல, ஆனா இயற்றினேன், பாடினேன்னு.

கேள்விக்கு இன்னொரு பதில் மெட்டிலேயே இருக்கு. சின்னச் சின்னத் துணுக்கு திரும்பத் திரும்ப வேற வேற பாட்டுல வரும். ஒரே கை எழுதினது கேட்டாலே தெரியுது.

பாட்டு வரிகளும் அப்படித்தான். ஒழுங்கான யாப்பு கிடையாது, அப்ப பிரபலமா இருந்த எதுகை மோனைக் கட்டுக்கோப்புக்குள்ள அடங்காது. உவமை ஒண்ணு மேல ஒண்ணா ஏறும். மரியாளைப் பசுங்கிளைன்னு சொல்லுவாங்க, அடுத்த வரியில அந்தக் கிளை பூத்து, மணம் பரப்பி, பறவை கூடு கட்டி, தானியம் விளைஞ்சு, விருந்து நடந்துடும். திருத்த வந்த யாரும் இப்படி எழுதியிருக்கமாட்டாங்க.

மைன்ஸ் முத்து

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது மைன்ஸுக்குக் கிட்ட. கனகாலமா இந்த இழையள வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இதில எழுதாம விடேலாது.

ரூபர்ட்ஸ்பெர்க் மடத்தைப் பாக்கலாம் எண்டு பிங்கனுக்கு வந்தா ஏமாந்துபோவியள். 1632ல, முப்பதாண்டுப் போரில, சுவீடன் படை அதை எரிச்சுப்போட்டுது. மிஞ்சின இடிபாட்டையும் 19ஆம் நூற்றாண்டில ரயில்பாதை போடேக்க எடுத்துப்போட்டினம். ஒரு சில தூண் வளைவுகள் மட்டும் ஒரு கட்டடத்துக்குள்ள இருக்கு.

டிசிபோடன்பெர்க் வேற மாதிரி. கிளான் ஆறும் நாகே ஆறும் சேருற இடத்தில ஒரு குன்று. மேல மரத்துக்குள்ள இடிஞ்ச சுவருகள், சுத்திவர திராட்சைத் தோட்டம். சனம் குறைவு. அங்க நிண்டா அவ அடைபட்டிருந்த இடம் எவ்வளவு ஒடுக்கமா இருந்திருக்கும் எண்டு ஒரு மட்டுக்கு விளங்கும்.

அவவின்ர எலும்புகள் இருக்கிறது ஐபிங்கனில. பிங்கனிலயிருந்து ஃபெரியில ஏறி ரைனைக் கடந்தா ரூடெஸ்ஹைம், அதுக்கு மேல ஐபிங்கன். 1165ல அவவே துவங்கின ரெண்டாவது மடம் இருந்த இடம். பங்குக் கோயிலில தங்க நிறப் பேழை ஒண்டு இருக்கு, செப்டம்பர் 17ல திருநாள். இன்னும் மேல ஏறினா 1904ல கட்டின புது மடம், ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் இண்டைக்கும் வேளைச் செபத்தைப் பாடுகினம், ஆரும் போயிருந்து கேக்கலாம். வைனும் செய்து விக்கினம்!

வைகறை ஜோ

முத்து அண்ணா, இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்தக் கன்னியர்கள் செய்த ஒரு பெரிய காரியத்தையும் சொல்லியாக வேண்டும்.

‘ஸ்கிவியாஸ்’ நூலுக்கு ரூபர்ட்ஸ்பெர்க்கில் ஓவியங்களோடு தயாரித்த ஒரு பிரதி இருந்தது. அதோடு ‘பேரேடு’ என்றே பெயர் பெற்ற இன்னொன்று: 481 தாள், 15 கிலோ எடை. அவருடைய இறையியல் நூல்கள், கடிதங்கள், பாடல்கள், நாடகம் எல்லாம் ஒரே கட்டில். இரண்டும் வீஸ்பாடன் நூலகத்தில் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் பாதுகாப்புக்கென்று டிரெஸ்டனில் ஒரு வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பினார்கள். 1945இல் குண்டுவீச்சில் டிரெஸ்டனுக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ஓவியப் பிரதி காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனால் 1920களின் இறுதியிலும் 30களின் தொடக்கத்திலும் ஐபிங்கன் கன்னியர்கள் அதைத் தோல் தாளில், வண்ணத்தோடு, அப்படியே படியெடுத்து வைத்திருந்தார்கள். இன்று நீங்கள் இணையத்தில் பார்க்கும் வண்ண ஓவியங்கள் அந்தப் படியிலிருந்து வந்தவைதான். கொள்ளிடத்தான் தலைவலிக்கு ஆதாரமாகக் காட்டியதும் அதேதான்.

பேரேடு தப்பியது. ஆனால் சோவியத் பகுதியில் மாட்டிக்கொண்டது. 1948இல் மார்கரெட்டே கூன் என்ற பெர்லின் ஆய்வாளர் படிப்பதற்கென்று அதை இரவல் வாங்கினார். கரோலின் வால்ஷ் என்ற அமெரிக்க அதிகாரியின் மனைவி அதை ஐபிங்கனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். டிரெஸ்டனுக்குத் திரும்பிப் போனது வேறொரு பழைய ஏடு.

கொள்ளிடத்தான்

இந்த ஆள்மாறாட்டத்துக்காகவே ஒரு சினிமா எடுக்கலாம். கூன் அம்மாவுக்கு என் வணக்கம்.

ஆனா எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு பாக்கி இருக்கு, யாரும் தொடல. ஆண்டர்னாக் மடத்தலைவி தென்க்ஸ்விண்ட் எழுதின கடிதம். ‘உங்க மடத்துப் பெண்கள் திருநாள்ல தலைமுடியை விரிச்சுப் போட்டு, தரையில புரளுற வெள்ளைப் பட்டு முக்காடு, தங்கக் கிரீடம், மோதிரம்னு பாட வர்றாங்களாமே? பெரிய குடும்பத்துப் பெண்களை மட்டும்தான் சேத்துக்குவீங்களாமே? இயேசு மீனவர்களையும் ஏழைகளையும்தானே கூப்பிட்டார்?’ பணிவா, ஆனா குத்தலா கேக்கறாங்க.

ஹில்டெகார்ட் பதில் என்ன தெரியுமா? ஆடு, மாடு, கழுதை எல்லாத்தையும் ஒரே பட்டியில யாராவது அடைப்பாங்களான்னு! கடவுளே மனுஷங்களை மேல கீழன்னு வெச்சிருக்கார்னு. நம்ம ஊர்ல இதை எந்த வாயில கேட்டிருக்கோம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பச்சைமிளகாய்

என்னங்க இது, சாதி!

லூர்து டீச்சர்

மழுப்ப மாட்டேன். அந்தப் பதில் எனக்குப் பிடிக்காது. வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது பிள்ளைகளிடமும் பிடிக்காது என்றே சொன்னேன். அந்தக் காலத்து ஜெர்மன் மடங்கள் பலவற்றில் அதுதான் வழக்கம், உண்மை. ஆனால் தென்க்ஸ்விண்டும் அதே காலத்தவர்தானே? அவருக்குத் தவறு தெரிந்திருக்கிறது. புனிதர் என்பதால் எல்லாக் கடிதமும் புனிதமாகிவிடாது.

உடைக்கு மட்டும் அவர் சொன்ன பதில் வேறு தரம். திருமணமான பெண் தலையை மூட வேண்டும் என்ற விதி கன்னிக்குப் பொருந்தாது, அவள் படைப்பின் முதல் பசுமையில் நிற்பவள் என்கிறார். ஜோ சொன்ன கடிதத்திலும் இதே எண்ணம்தான் ஓடுகிறது. ஏதேனில் இழந்த குரல், ஏதேனில் இழந்த உடை.

நெறியாளர்

சாதி பற்றிய தனிப்பட்ட தாக்குதல் இரண்டு நீக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டோடு நிற்கவும்.

வைகறை ஜோ

ரிக்கார்டிஸ் பற்றியும் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. ஸ்டாடே குடும்பத்துப் பெண். ‘ஸ்கிவியாஸ்’ எழுதிய ஆண்டுகளில் ஹில்டெகார்டுக்கு வோல்மாரைப் போலவே பக்கபலம். ரூபர்ட்ஸ்பெர்க் கிடைக்க உதவியதே ரிக்கார்டிஸின் தாயார்தான். நூல் முடிகிற நேரத்தில், 1151இல், ரிக்கார்டிஸை வடக்கே பாசும் மடத்துக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவரது அண்ணன் ஹார்ட்விக் பிரேமன் பேராயர், ஏற்பாடு அவருடையது.

ஹில்டெகார்ட் விடவில்லை. தாயாருக்கு எழுதினார், மைன்ஸ் பேராயரை எதிர்த்தார், திருத்தந்தை வரை போனார். பதவிக்காகச் செய்கிற வேலை, கடவுள் விருப்பமல்ல என்றார். எல்லா இடத்திலும் தோல்வி. பிறகு ரிக்கார்டிஸுக்கே ஒரு கடிதம்: மனிதரை அளவு மீறி நேசித்ததற்கு இது எனக்குப் பாடம், ஏன் என்னை அநாதையாக விட்டுப்போனாய் என்ற பொருளில். 1152 அக்டோபரில் ரிக்கார்டிஸ் இறந்தார். அண்ணன் எழுதினார், கண்ணீரோடு உங்கள் மடத்தை நினைத்துக்கொண்டிருந்தாள், திரும்பி வர விரும்பினாள் என்று.

நாடகத்தில் ஆன்மா மடத்தை விட்டு உலகத்துக்குப் போகிறது, அடிபட்டுத் திரும்பி வருகிறது, நற்பண்புகள் பாடி வரவேற்கின்றன. நாடகமும் ரிக்கார்டிஸ் போனதும் ஏறக்குறைய ஒரே சமயம். இரண்டையும் முடிச்சுப் போடுவது என் ஊகம்தான், ஆனால் போடாமல் இருக்க முடியவில்லை.

சுருதிப்பெட்டி

நியாயமான ஊகம். நாடகத்துல அந்த ஆன்மா திரும்பி வந்துடுது. ரிக்கார்டிஸ் வரல.

மைன்ஸ் முத்து

ஜோ தம்பி, அந்தப் பாட்டுத் தடை கடைசியில என்ன ஆச்சு? சொல்லாமலே விட்டிட்டியள்.

வைகறை ஜோ

விட்டுவிட்டேன், இதோ. மைன்ஸ் பேராயர் கிறிஸ்தியான் அப்போது இத்தாலியில், பேரரசரின் வேலையாக. ஹில்டெகார்ட் தாமே மைன்ஸுக்குப் போய்ப் பேசினார், பலிக்கவில்லை. பிறகு கொலோன் பேராயர் பிலிப் உதவிக்கு வந்தார். இறந்தவரோடு ஒரே சமயத்தில் மன்னிப்புப் பெற்ற ஒரு வீரரைச் சாட்சியாகக் கூட்டிவந்தார். தடை தளர்ந்தது. மைன்ஸ்காரர்கள் விடுவார்களா? பேராயருக்கு வேறு விதமாகச் சொல்லி மறுபடி தடை வாங்கினார்கள். ஹில்டெகார்ட் பேராயருக்கு நேரடியாக எழுதினார். 1179இல் உரோமையிலிருந்து பதில் வந்தது, தடை நீங்கியது, வருத்தமும் தெரிவித்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 17 அவர் இறந்தார். மறுபடி பாடிய காலம் சில மாதங்கள்தான்.

கொள்ளிடத்தான்

ஆக மைன்ஸ்காரங்க பழிவாங்கினாங்களா? புனிதர் பட்டம் ரொம்பத் தாமதமா வந்துதே?

லூர்து டீச்சர்

பழி என்று சொல்ல முடியாது. ஒன்பதாம் கிரகோரி காலத்தில் 1220களின் இறுதியில் விசாரணை தொடங்கியது. மைன்ஸிலிருந்து போன அறிக்கையில் விவரம் போதாது என்று உரோமை திருப்பி அனுப்பியது. அப்படியே நின்றுபோயிற்று. மக்கள் காத்திருக்கவில்லை, புனிதர் என்றே கொண்டாடினார்கள். 2012 மே 10 அன்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அந்த வணக்கத்தை உலகத் திருச்சபை முழுவதற்கும் விரித்தார். அதே ஆண்டு அக்டோபர் 7 மறைவல்லுநர், அதாவது திருச்சபை முழுவதற்கும் ஆசிரியர், என அறிவித்தார். அவிலா தெரேசா, சியன்னா கத்தரின், குழந்தை இயேசுவின் தெரேசா ஆகியோருக்குப் பிறகு நான்காவது பெண்.

பச்சைமிளகாய்

ஸ்பெல்ட் கோதுமை தேடி வந்தேன், எங்கேயோ கூட்டிட்டுப் போயிட்டீங்க. கேக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?

சுருதிப்பெட்டி

முதல்ல சின்னது ஒண்ணு எடுங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல முடியற ஆன்டிஃபன் (திருப்பாடலோட சேர்த்துப் பாடுற சின்னப் பாட்டு). பின்னணிச் சுருதி இல்லாம பெண்குரல் மட்டும் இருக்கிற பதிவாப் பாருங்க. அதே பாட்டை வேற குழு பாடினதையும் கேளுங்க, நடை எவ்வளவு மாறுதுன்னு தெரியும். அப்புறம் நாடகம், முழுசா, சாத்தான் வர்ற இடத்துக்காகவே.

ஏட்டோட சேர்த்துக் கேக்கணும்னா வீஸ்பாடன் நூலகம் பேரேட்டை முழுசாப் படம்பிடிச்சு இணையத்துல இலவசமா வெச்சிருக்கு. பாட்டெல்லாம் கடைசியில, 466ஆம் தாள்லேருந்து. இலத்தீன் தெரியலன்னாலும் கோட்டு மேல ஏறி இறங்குற குறிகளை விரலால பின்தொடரலாம்.